அம்புக்குறியின் முதுகு

"அம்மா, இந்த அம்பைப் பின்னாடியிருந்து பாத்தா எந்தப் பக்கம் போகச் சொல்லும்?"

சில்லு இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. சாப்பாட்டு மேசைமேல் அம்மா விரித்து வைத்திருந்த பச்சைத் தாளை இரண்டு கையாலும் தூக்கி, விளக்குக்கு நேராகப் பிடித்து, அதன் பின்னால் நின்றுகொண்டு கேட்டாள். தாளில் ஓடும் மனிதன் ஒருவன், அவனுக்கு முன்னால் தடித்த அம்புக்குறி, கீழே 'பாதுகாப்பான இடம்' என்ற எழுத்து. கடல் பொங்கி வந்தால் ஊர் எந்த வழியாக மேடேற வேண்டும் என்று திட்டம் போடுவதுதான் அம்மாவின் வேலை. தெருத்தெருவாக நடந்து, வரைபடம் போட்டு, எந்த முனையில் எந்தப் பலகை நிற்க வேண்டும் என்று சொல்ல வேண்டியவள் அவள்.

அன்றைக்கு அவள் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அதே பக்கம்தான். போய்ச் சாப்பிடு, ஆறிப் போகுது" என்றாள்.

இப்போது சில்லுவுக்கு எட்டு வயது. கேட்டது அவளுக்கு மறந்திருக்கும். அம்மாவுக்கு அது மறுபடி ஞாபகம் வந்தது ஒரு ஸ்பூனால்.

காலையில் காப்பியைக் கலக்கிவிட்டு ஸ்பூனை மேசைமேல் வைத்தாள். காம்பு சுவர்ப் பக்கம் இருந்தது. அங்கே காலண்டர் தொங்குவதால் நன்றாக நினைவிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தபோது காம்பு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே சரிவு, சரிவின் கீழே கூரைகள், கூரைகளுக்கு அப்பால் தட்டையாக, வெயிலில் ஈயம்போல் மின்னிக்கொண்டு கடல்.

கணவனிடம் சொன்னாள். மருந்துக்கடை திறக்கக் கிளம்பிக்கொண்டிருந்தவன் சிரித்தான். "ஸ்பூன் திரும்புச்சா? கட்டின புருஷன் திரும்பி நின்னாக்கூட நீ கவனிக்க மாட்டே. ஸ்பூனுக்கு வந்த வாழ்வைப் பாரு!"

அவளும் சிரித்தாள். ஆனால் மறுநாள் சீப்பு. அதன் மறுநாள் செருப்பு. வாசலில் சுவரை ஒட்டி ஜோடியாக விட்ட செருப்புகள், கதவைத் திறந்தபோது, யாரோ போட்டுக்கொண்டு கிளம்பத் தயாராக நிற்பதுபோல, சரிவை நோக்கித் திரும்பியிருந்தன. அவளுடையது, கணவனுடையது, சில்லுவின் சின்னப் பட்டைச் செருப்பு. மூன்றும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அலுவலகத்திலும் விடவில்லை. மாடியில், அடர்ந்த காகித வாசனையும் மின்விசிறியின் ஒரே சீரான முனகலும் உள்ள நீண்ட அறை அது. அவள் மேசைமேல் இருந்த பென்சில், ஸ்கேல், கத்தரி, கூரான எதுவானாலும், அவள் குனிந்து நிமிர்வதற்குள் மெல்ல உருண்டு ஒரே திசையைச் சேர்ந்துவிடும். மேசை சாய்ந்திருக்கிறதோ என்று காலுக்குக் கீழே அட்டை மடித்து வைத்தாள். பென்சில்கள் மேடேறி உருண்டன.

பக்கத்து மேசைக்காரருக்கு 'ஓவர்டைம்' என்று பெயர். அலுவலகம் முடியும் முன்னமே பையை மாட்டிக்கொண்டு நிற்பவர் என்பதால் வைத்த பெயர். அவர் அவளை வேடிக்கை பார்த்தார்.

"மேடம், இந்த வாரம் புதுப் பலகை நட்டாங்களே, ஒவ்வொண்ணையும் சுத்திச் சுத்தி வந்தீங்களாமே. அது என்ன, ஓடியா போயிடும்?"

"ரெண்டு பக்கமும் சரியா இருக்கான்னு பாத்தேன், அண்ணே."

"பலகைக்கு முன்பக்கம் போதாதா? சரி, இன்னைக்குச் சாயங்காலம் சைரன் சோதனை. காதுல பஞ்சு வச்சுக்குங்க. போன தடவை சத்தம் கேட்டு எங்க மாமியார், தான் செத்துட்டோம்னு நெனச்சு ஒரே அழுகை. 'நீங்க சாகலைம்மா'ன்னு சொன்னேன். 'உங்களுக்கு வருத்தமா இருக்குமே'ன்னு கேக்கறாங்க."

அறையே சிரித்தது. அவளும் உதட்டை விரித்தாள். உள்ளே ஏதோ ஒன்று, பலகைக்கு முன்பக்கம் போதாதா என்ற இடத்திலேயே, நின்றுவிட்டிருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் பலகை அடிப்பவர் தொலைபேசியில் கேட்ட கேள்வியும் அதுதான். "மேடம், பனிக்கட்டிக் கம்பெனி நாற்சந்தியில தொங்குறது ரெண்டு முகப் பலகை. ரெண்டு பக்கமும் இதே டிசைன்தானே?" அவள் வேறு ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். "ஆமா, அதேதான்" என்றாள்.

அதேதான்.

வடக்கிலிருந்து வருபவனுக்கு வலப்பக்கம் மேடு. தெற்கிலிருந்து வருபவனுக்கு வலப்பக்கம் கடல். இரண்டு முகத்திலும் அம்பு வலப்பக்கமே காட்டியது. ஒரு நாள் வண்டியில் தெற்கிலிருந்து வந்தபோது அவளே கண்டாள். உடனே கீழே இறங்கி ஒரு துணியால் அதை மூடியிருக்கலாம். மூடவில்லை. மாற்ற வேண்டுமென்றால் மேலதிகாரிக்கு எழுத வேண்டும், ஏன் என்று சொல்ல வேண்டும், நாலு பேர் முன்னால் தலைகுனிய வேண்டும். மறுநாளிலிருந்து ஒரு வாரம் லீவு போட்டிருந்தாள்; அது முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். இத்தனை வருஷமாக வராத கடல் இந்த ஒரு வாரத்தில் வந்துவிடவா போகிறது?

வந்தது. பட்டப்பகலில், காய்கறி விலை பேசிக்கொண்டிருந்த நேரத்தில் வந்தது.

நாற்சந்திக்குத் தெற்கே இருந்த சந்தில் அவளுக்குத் தெரிந்தவர் ஒரே ஒருவர். தையலக்கா. பள்ளிக்கூடம் விட்டதும் சில்லு அங்கேதான் காத்திருப்பாள். அம்மாவுக்கு எவ்வளவு நேரமானாலும் தையலக்கா முகம் சுளித்ததில்லை. மழையில் நனைந்து வந்தால் தன் முந்தானையாலேயே பிள்ளையின் தலையைத் துவட்டிவிடுவாள். எதையாவது கையில் கொடுக்கப் போனால், "தெரியாத பிள்ளையா? போங்கம்மா" என்று தையல் மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிடுவாள். மனிதர்கள் ஒருவருக்கொருவர் செய்யும் சின்ன உபகாரங்களைக் கடவுள் எங்கேயோ குறித்து வைத்துக்கொள்கிறார் என்று நம்புகிறவள் சில்லுவின் அம்மா. அப்படியானால் செய்யாமல் விட்டதும் அங்கே இருக்கும் அல்லவா?

அந்தச் சந்திலிருந்து பிழைத்தவர் பால்காரர் ஒருவர்தான். சைக்கிளை எடுக்கத் திரும்பி ஓடியதால் பிழைத்தார். விசாரணைக்கு வந்தவர்களிடம் அவர் சொன்னதை அவள் அறையின் மூலையில் நின்று கேட்டாள்.

"அந்தப் பக்கம் கடலாச்சேன்னு சிலபேர் தயங்கினாங்கய்யா. தையலக்காதான், 'மீன் ஏலக் கூடத்துக்குப் புதுசா மாடி கட்டியிருக்காங்கல்ல, அங்கே ஏறச் சொல்றாங்கபோல. போர்டு போட்டிருக்காங்க. படிச்சவங்க யோசிக்காமலா போட்டிருப்பாங்க, வாங்க'ன்னு கூட்டிட்டுப் போனாங்க. கிழவன் கிழவி எல்லாரையும் முன்னாடி விட்டுட்டு, 'நீங்க போங்க, நான் கடைசியா வர்றேன்'னாங்க."

ஏலக் கூடத்தின் மாடிப்படிக் கதவு பூட்டியிருந்தது.

கம்பம் வளைந்து கிடந்தது. பலகையைக் கடல் கொண்டுபோய்விட்டது. பால்காரர் பயத்தில் ஏதோ உளறுகிறார் என்று முடிவு செய்தார்கள். 'பதற்றத்தில் மக்கள் திசை தவறினர்' என்று அறிக்கை எழுதினார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை. செத்தவர்கள் தலையில் பழி ஏறியது. அது அங்கேயே இருந்தது.

சைரன் சோதனைக்கு முன்பே வீட்டுக்குக் கிளம்பினாள். முந்தின இரவு தூங்கும் சில்லுவைப் பார்த்ததிலிருந்து அவளுக்கு நெஞ்சு ஆறவில்லை. மல்லாந்து தூங்கிய பிள்ளையின் வலக்கை மட்டும் போர்வைக்கு வெளியே நீண்டிருந்தது. சுட்டுவிரல் மட்டும் நிமிர்ந்திருந்தது. மடக்கி உள்ளே வைத்தாள். கதவருகே போய்த் திரும்பினாள். மறுபடி நீண்டிருந்தது. ஜன்னலை நோக்கி.

இருட்டத் தொடங்கும் நேரம். மழை வரும்போலிருந்து வராமல், காற்று முழுக்க ஈரச் சாக்கின் கனம். படியேறும்போதே வாசனை வந்தது. மெஷின் எண்ணெய். ஈரத் துணி. தையல்காரர்கள் துணியில் கோடு போடும் சுண்ணக்கட்டியின் மெல்லிய வறண்ட தூசி. தையலக்கா வீட்டு வாசலில் நின்று பிள்ளையைக் கூப்பிடும்போதெல்லாம் மூக்கில் ஏறிய அதே வாசனை, இப்போது அவள் வீட்டுப் படிகளில், ஒவ்வொரு படிக்கும் கொஞ்சம் கூடிக்கொண்டு, யாரோ சற்று முன்புதான் இறங்கிப் போனதுபோலத் தொங்கிக்கொண்டிருந்தது.

கதவு திறந்திருந்தது.

"சில்லு?"

கூடத்தில் விளக்கு எரிந்தது. வீட்டுப்பாடம் பாதியில் இருந்தது. பேனா, பென்சில், கவராயம் எல்லாம் ஒரே திசை. நாற்காலிகள் நான்கும் ஜன்னலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தன. சுவர்க் கடிகாரத்தின் இரண்டு முட்களும் ஒன்றன்மேல் ஒன்று படுத்து, கடலைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தன.

வாசலில் சின்னப் பட்டைச் செருப்பு இல்லை.

கீழ்வீட்டு அம்மா கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள். "இப்பத்தாம்மா போச்சு. யாரோ கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போனாங்க. உங்க சொந்தக்காரங்கன்னு நெனச்சேன். புடவையெல்லாம் சொட்டச் சொட்ட நனைஞ்சு இருந்துச்சு, பாவம். மழை பெய்யுதா என்ன?"

அப்போது சைரன் ஊதியது.

அவள் ஓடினாள். சரிவில் கால் தானாக இறங்கியது. சைரனின் ஓலம் வீடுகளின் சுவரில் மோதி, தணிந்து, மறுபடி எழுந்தது. சோதனை என்று முன்பே சொல்லியிருந்ததால் யாரும் வெளியே வரவில்லை. ஜன்னல்களில் தொலைக்காட்சியின் நீல வெளிச்சம். எங்கோ குக்கர் விசில். ஒருவீட்டில் சிரிப்பு. அந்த ஓலத்துக்கு அடியில், கவனித்தால் மட்டும் கேட்கும்படி, இன்னொரு சத்தம். டக டக டக டக. மெஷின் மிதிக்கும் சத்தம். அது அவள் காலடியோடு சேர்ந்துகொண்டது.

நாற்சந்தியில் தெருவிளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. புதுப் பலகை தொங்கியது. இரண்டு முகத்திலும் அம்பு சரியாகத்தான் இருந்தது. அவளே பார்த்துச் சரி செய்தது.

அதன் கீழே ஆட்கள் நின்றிருந்தார்கள்.

வரிசையாக. ஒருவர்பின் ஒருவராக. கடல் பக்கத்துச் சாலையின் நீளத்துக்கும். யாரும் தள்ளவில்லை, பேசவில்லை. முதலில் நின்ற கிழவர் கக்கத்தில் ஒரு தலையணையை இடுக்கியிருந்தார். அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. அடுத்தவர் கையில் ஒரு கொத்துச் சாவி. அடுத்தவள் தூக்குவாளியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள், சிந்திவிடக் கூடாது என்பதுபோல. பலகையை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு தடவை பார்த்தது போதும் என்பதுபோல.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

சாலையின் கீழ்க்கோடியில், கடல்நீர் தார்போட்ட விளிம்பைத் தொடும் இடத்தில், வரிசையின் கடைசியில், ஒரு சின்ன உருவம். அதன் கையைப் பிடித்தபடி ஒரு பெண்.

"அம்மா!" சில்லுவின் குரலில் பயமே இல்லை. "எந்தப் பக்கம்னு கேக்கறாங்கம்மா!"

அவள் கை எழுந்தது. மேட்டைக் காட்டியது.

வரிசை நகர்ந்தது. கிழவர் அவளைக் கடந்தார். காலடிச் சத்தம் இல்லை. சொட்டும் சத்தம் மட்டும். பாசியும் உப்பும் ஈரத் துணியுமாக ஒரு குளிர் அவள் தோளை உரசிப் போனது. "ரொம்ப நன்றிம்மா" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

பிள்ளையை நோக்கி ஓட ஓர் அடி எடுத்து வைத்தாள். கை தாழ்ந்தது. அந்தக் கணமே வரிசை முழுவதும் திரும்பியது. ஒரே அசைவாக. முகங்கள் மறைந்து முதுகுகள். கடலைப் பார்த்து. கடைசியில் நின்ற பெண்ணும் திரும்பினாள். சில்லுவும் திரும்பினாள். ஓர் அடி வைத்தார்கள். தண்ணீர் பிள்ளையின் முழங்காலுக்கு வந்தது.

"இல்ல! இந்தப் பக்கம்! இந்தப் பக்கம்!"

கையை உயர்த்தினாள். முதுகுகள் திரும்பி முகங்களாயின. வரிசை மறுபடி மேடேறியது.

அப்போது அவளுக்குப் புரிந்தது. கடைசி ஆள் வரும்வரை கை இறங்கக் கூடாது.

அவள் நின்றாள். தோள் எரிந்தது. விரல் நுனி மரத்தது. இடக்கையால் வலக்கையைத் தாங்கிக்கொண்டாள். கடவுளே, கடவுளே என்று முணுமுணுத்தாள், வேறு வார்த்தை வரவில்லை. ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். "தேங்க்ஸ் மேடம்." "வர்றோம்மா." "இப்படித்தானே? நேரா மேலேதானே?" ஒவ்வொருவரும் மரியாதையாக, தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்பதுபோல, தலையாட்டிவிட்டுப் போனார்கள். சைரன் எப்போது நின்றதென்று தெரியவில்லை.

கடைசியாகத் தையலக்கா வந்தாள். முகம் வெளுத்து, நீரில் ஊறிய துணிபோல மெத்தென்றிருந்தது. கண்கள் அதே கண்கள். சில்லுவின் கையை விட்டாள். குனிந்து, முந்தானையை இழுத்து, பிள்ளையின் தலையைத் துவட்டினாள். துவட்டத் துவட்டத் தண்ணீர் வழிந்தது. பிள்ளையின் முடியெல்லாம் உப்பாகச் சொட்டியது.

"ஈரத்தோட விடாதீங்கம்மா. சளி பிடிச்சுக்கும்."

"அக்கா..." என்றாள். "ரெண்டு பக்கமும் அதேதான்னு நான்தான் சொன்னேன். நான்தான்க்கா. அப்புறம் தெரிஞ்சும் விட்டுட்டேன்."

தையலக்கா, அவள் நீட்டியிருந்த கையைப் பார்த்தாள். அளவெடுக்கும்போது செய்வதுபோல, முழங்கையை இரண்டு விரலால் தொட்டு, ஒரு நூல் அளவு உயர்த்தினாள். அந்த விரல்கள் ஐஸாக இருந்தன.

"வலிக்குதாம்மா?" என்றாள். பிறகு மற்றவர்கள் போன வழியே மேடேறிப் போனாள்.

சில்லு அம்மாவைச் சுற்றி வந்தாள். முன்னால் நின்று பார்த்தாள், பின்னால் நின்று பார்த்தாள்.

"அம்மா, உன் கை எந்தப் பக்கம் நின்னு பாத்தாலும் மேட்டைத்தான் காட்டுது."

"ஆமாண்டா" என்றாள் அவள். "அதேதான்." கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக் கை இல்லை. "நீ வீட்டுக்குப் போ. நேரா போ. கீழ்வீட்டு அம்மாகிட்ட துண்டு வாங்கித் துவட்டிக்கோ. அப்பா வந்துடுவாரு."

"நீ வரலியா?"

"இதோ வர்றேன். நீ போ."

பட்டைச் செருப்பின் சத்தம் சரிவில் ஏறியது. தெரு முனையில் திரும்பியது. வீட்டின் இரும்புக் கதவு திறந்து மூடிய சத்தம் தெளிவாகக் கேட்டது. பிள்ளை சேர்ந்துவிட்டாள். தெருவில் யாரும் இல்லை. பார்க்க யாரும் இல்லை. கையை இறக்கலாம்.

கீழே தண்ணீர் அசைந்தது.

ஒரு தலை எழுந்தது. அதன் பின்னால் இன்னொன்று. இவர்கள் அந்தச் சந்து ஆட்கள் இல்லை. அவள் பலகையை இவர்கள் பார்த்ததே இல்லை. அவள் பிறப்பதற்கு எத்தனையோ காலம் முன் கிழிந்துபோன துணிகள். படகின் உடைந்த பலகையை இன்னும் கட்டிக்கொண்டிருக்கும் கைகள். இடுப்பில், இன்னும் ஈரம் உலராத குழந்தைகள். தண்ணீரின் விளிம்பிலிருந்து, கண் எட்டும்வரை, கருப்பாகத் தலைகள். ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. ஒவ்வொன்றாக அவள் பக்கம் திரும்பின. காத்திருந்தன.

தெருவிளக்கு அணைந்தது.

நீட்டிய விரல்கள் ஊறிச் சுருங்கி வெளுத்திருந்தன. மழை இல்லை. ஆனாலும் சுட்டுவிரல் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது.

அவள் கையை இறக்கவில்லை.